செம்பரம்பாக்கத்தின் மேல் இரண்டு அடி

நவம்பர் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் எல்லோரிடமிருந்தும் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: "சார், செம்பரம்பாக்கம் எத்தனை அடி?" 21 என்றால் நிம்மதி. 22 என்றால் கலக்கம். 23 என்றால் மாடி வீட்டில் இருக்கும் மச்சானுக்கு போன். ஏரிகளோடு வேலை பார்த்த பொறியாளன் என்கிற முறையில் சொல்கிறேன், அடிக்கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு பயப்படவும் முடியாது, தைரியமாக இருக்கவும் முடியாது.

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2019 கோடையில் இதே ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது, இதே ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்துவிட வேண்டியிருந்தது. ஷட்டருக்குப் பக்கத்தில் நிற்கிறவர் தலையில் இந்த இரண்டு வருடமும் சேர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

மேல்மட்டத்தில் ஓர் அடி என்பது சுமார் 250 மில்லியன் கனஅடி. மழைக்காலத்தில் 22 அடியில் நிறுத்தி வைத்தால், 500 மில்லியன் கனஅடி இடத்தைக் காலியாக விடுகிறோம். சென்னைக்கு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு டி.எம்.சி., அதாவது 1,000 மில்லியன் கனஅடி, வேண்டும் என்பது பழைய கணக்கு. அப்படியானால் அந்த இரண்டு அடி என்பது ஊருக்கு அரை மாதக் குடிநீர். சரி, நிரப்பிவிடலாமே என்றால், விநாடிக்கு 10,000 கனஅடி வரத்து வந்தால் அந்த இரண்டு அடியும் 14 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அரை மாதத் தண்ணீரா, 14 மணி நேர அவகாசமா என்பதுதான் ஒவ்வொரு நவம்பரிலும் வரும் கேள்வி. "இவ்வளவு மழை பெய்யுது, தண்ணியைக் கடலுக்கு விடுறாங்களே" என்று வயிறெரிகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

தேதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அக்டோபரில் பெய்யும் 10 செ.மீ. மழையும் நவம்பர் கடைசியில் பெய்யும் 10 செ.மீ. மழையும் ஏரிக்கு ஒன்றல்ல. செம்பரம்பாக்கத்துக்கு மேலே ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் என்று ஏரிகள் இருக்கின்றன. பருவத்தின் தொடக்கத்தில் காய்ந்த மண் குடிக்கும், அப்புறம் இந்த மேல் ஏரிகள் குடிக்கும், மிச்சம்தான் கீழே வரும். நவம்பர் கடைசியில் மண்ணும் ஊறியிருக்கும், மேல் ஏரிகளின் கலங்கலும் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) வழிந்துகொண்டிருக்கும். அப்போது பெய்கிற மழையில் பெரும்பகுதி நேராக இங்கேதான் வந்து சேரும். அக்டோபரில் 22 அடி இருந்ததற்கும் டிசம்பர் முதல் வாரத்தில் 22 அடி இருப்பதற்கும் நிறைய வித்தியாசம். டிசம்பர் பாதி தாண்டி, வங்கக் கடலில் புதுப் புயல் சின்னம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு 24 அடி வரை ஏற்றலாம். அந்தக் கடைசி நிரப்புதல்தான் அடுத்த ஜூன் மாதத்துக்கு.

அந்த "22 அடி"யை எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதகுப் பக்கம் அடியும் அதன் பின்னங்களும் குறித்த அளவுகோல் நிற்கும். மழைக்காலத்தில் லஸ்கர் (மதகைக் கவனிக்கும் ஊழியர்) ராத்திரியிலும் டார்ச் அடித்து மணிக்கு மணி பார்த்து எழுதுவார். புயல் காற்றில் தண்ணீர் ஒரு நிலையில் நிற்காது, ஏறி இறங்கும். அலையின் மேட்டையும் பள்ளத்தையும் சிறிது நேரம் பார்த்து நடுமட்டத்தைக் குறிக்க வேண்டும். காற்று ஒரே பக்கமாக அடித்தால் ஏரித் தண்ணீரே ஒரு கரையை நோக்கித் தள்ளப்பட்டு நிற்கும், கோல் காட்டுவது முழு ஏரியின் மட்டமாக இருக்காது. இரண்டு அங்குலம் கூட்டியோ குறைத்தோ படித்தால் 40 மில்லியன் கனஅடி, அதாவது சென்னையின் ஒரு நாள் தண்ணீருக்கு மேல். தொலைக்காட்சியில் தசமப் புள்ளியோடு ஓடும் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த டார்ச் வெளிச்சம்தான் ஞாபகம் வரும்.

மட்டத்தைக் குறைத்து வைப்பதற்கு இன்னொரு காரணம் கரை. செம்பரம்பாக்கத்தின் கரை மண்கரை. தண்ணீர் விளிம்புக்குப் பக்கத்தில் நின்று காற்றும் அடித்தால், அலை கல் பதித்த சரிவையும் தாண்டி மேல் மண்ணைத் தின்னும். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் கசிவு இருந்தாலே ஆபத்து என்று அர்த்தமில்லை, மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். தெளிந்த தண்ணீராக வந்தால் கண்காணித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், உடனே மணல் மூட்டையோடு ஓட வேண்டும். ஏரிக்கரை ஓரம் குடியிருப்பவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் நல்லது. பயந்துபோய்த் தண்ணீரைத் திடுதிப்பென்று இறக்கினாலும் வம்புதான். ஊறிய மண்கரை, தாங்கிப் பிடித்த தண்ணீர் விலகியதும் ஏரிப் பக்கமாகச் சரியலாம்.

2015 பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. முன்னாலேயே திறந்திருக்கலாமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கருத்து இது: 29,000 கனஅடி அளவுக்கு வரத்து வரும்போது இரண்டு அடி காலியிடம் ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. முடிவை அந்த ராத்திரிக்கு மிச்சம் வைத்ததுதான் கோளாறு. எந்தத் தேதிக்கு எந்த மட்டம், எந்த மழை முன்னறிவிப்புக்கு எவ்வளவு திறப்பு என்று முன்கூட்டியே எழுதிவைத்திருக்க வேண்டும். அப்புறம் அதிகாரி யாருடைய போனுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2020 நவம்பர் 25 அன்று நிவர் புயல் நெருங்கியபோது 22 அடியிலேயே 1,000 கனஅடியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றியது அந்தத் திசையில் நல்ல மாற்றம்.

1,000 கனஅடி என்றால் விநாடிக்கு 28,000 லிட்டருக்கு மேல், 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டுக்கும் மேல். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் அடையாற்றுக்கு அது பெரிய சுமையில்லை. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதலம்பேடு, திருநீர்மலை வழியாக உபரிக் கால்வாயில் போய் ஆற்றில் சேரும். கவனிக்க வேண்டியது அது எவ்வளவு வேகமாகக் கூட்டப்படுகிறது என்பதை. அதே நேரம் கடலில் ஓதம் ஏறியிருந்தால், முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்வாங்காது.

இன்னொன்று. முடிச்சூர், வரதராஜபுரத்தில் தண்ணீர் நின்றால் உடனே "செம்பரம்பாக்கத்தைத் திறந்துட்டாங்க" என்று செய்தி பறக்கும். அந்த ஊர்கள் உபரிக் கால்வாய் அடையாற்றில் சேரும் இடத்துக்கு மேலே இருப்பவை. அங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர், அவற்றுக்குப் பெரும்பாலும் ஷட்டரே கிடையாது, நிரம்பினால் கலங்கல் வழியாகத் தானாக வழியும். யாரும் திறப்பதில்லை, அறிவிப்பும் வராது. ஆகவே அந்தப் பக்கம் இருப்பவர்கள் செம்பரம்பாக்கம் செய்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆதனூர் பக்கம் எவ்வளவு மழை என்று பாருங்கள். கலங்கல் வழிய ஆரம்பித்துவிட்டது என்று அந்த ஊர்க்காரர் யாராவது சொன்னால், அன்றைக்கே வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.