எந்த மலையில் எடுத்த கொழுந்து?

முரளிதரன் பெரியவரா, உசைன் போல்ட் பெரியவரா? இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் இந்த வழக்கு பல வருடங்களாக நடக்கிறது. ஒரு காலத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணியாக இருந்த மாமா கண்டிக்காரரான முரளியை விட்டுக்கொடுக்கவே மாட்டார். தம்பிக்கு போல்ட்தான் உயிர். விக்கெட்டையும் விநாடியையும் எந்தத் தராசில் நிறுப்பது?

முதலில் சதவீதத்தைப் பார்ப்போம். முரளி 133 டெஸ்ட்களில் 800 விக்கெட் எடுத்தார். ஒரு டெஸ்டுக்கு 6.0. ஷேன் வார்ன் 145 டெஸ்ட்களில் 708. ஒரு டெஸ்டுக்கு 4.9. இடைவெளி 23 சதவீதம். போல்ட் 2009 இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடினார். அவருக்கு அடுத்த வேகம் டைசன் கே, யோஹன் பிளேக் இருவரும் ஓடிய 9.69. இடைவெளி ஒரு சதவீதம்தான். அதற்காக முரளி இருபது மடங்கு பெரியவர் என்றால் மாமாவுக்கே சிரிப்பு வந்துவிடும்.

பதில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இருக்கிறது. கொழுந்து பறிக்கும் இரண்டு குழுக்களிலும் ஒருவருடைய சராசரி 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் குழுவில் பெரும்பாலானோர் 18க்கும் 22க்கும் இடையில்தான் நிற்கிறார்கள். அங்கே ஒருத்தி 26 கிலோ கொண்டுவந்தால் கணக்கப்பிள்ளை தராசைத்தான் முதலில் சந்தேகிப்பார். இரண்டாவது குழுவில் சிலர் 12, சிலர் 28. அங்கே அதே 26ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கூட்டம் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தூரம் சிதறி நிற்கிறது என்பதன் அளவே நியம விலகல். தமிழ்நாட்டில் திட்ட விலக்கம் என்பார்கள். ஒருவருடைய அளவுக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை இந்த விலகலால் வகுத்தால் கிலோ, விநாடி, விக்கெட் எல்லாம் கழன்றுவிடும். எத்தனை படி மேலே நிற்கிறார் என்ற வெறும் எண் மிஞ்சும்.

ஆஸ்திரேலியப் புள்ளியியலாளர் சார்ல்ஸ் டேவிஸ் இப்படித்தான் கணக்கிட்டு, கிரிக்கெட்டின் டொன் பிராட்மனுக்கு 4.4, கால்பந்தின் பெலேக்கு 3.7, கூடைப்பந்தின் மைக்கல் ஜோர்டனுக்கு 3.4 என்றார். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொப்பியோடு உட்கார்ந்தேன். டெஸ்டில் 400 விக்கெட்டைத் தாண்டி ஓய்வுபெற்றவர்களில் முரளியைத் தவிர்த்து, வார்ன், கும்ப்ளே, ஹெட்லி, ஹேரத், அஷ்வின் உட்பட 15 பேரை எடுத்தேன். ஒரு டெஸ்டுக்கு அவர்களின் சராசரி 4.28 விக்கெட், விலகல் 0.53. முரளி 3.3 படி மேலே. பெர்லின் இறுதிப் போட்டியில் போல்டைத் தவிர்த்த ஏழு பேரின் சராசரி 9.96 விநாடி, விலகல் 0.18. போல்ட் 2.1 படிதான். மாமா காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டார்.

ஆனால் அந்த ஏழு பேரில் கடைசியாக வந்தவர் 10.34 விநாடி எடுத்தவர். அவர் ஒருவரை நீக்கிவிட்டுப் பார்த்தால் விலகல் 0.10 ஆகச் சுருங்குகிறது, போல்ட் 3.2 படிக்கு ஏறிவிடுகிறார். தன் ஓட்டத்தில் ஒரு விநாடியும் கூடாமல், குறையாமல்! ஒப்பிட யாரைக் கூட்டத்தில் சேர்க்கிறோம் என்பதில்தான் இந்த முறையின் சூட்சுமம் இருக்கிறது, சூதும் இருக்கிறது. ஏழு பேரை வைத்துத் தீர்ப்பெழுதிய என்னுடைய கணக்கு ஒரு விளையாட்டுத்தான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

தம்பி துள்ளிக்கொண்டிருந்தபோது மாமா கேட்டார்: "அது சரி தம்பி, அவர்கள் எந்த மலையில் எடுத்தார்கள்?"

கங்காணியின் கேள்வி. தோட்டத்தில் மலை என்றால் கொழுந்து எடுக்கும் தேயிலைப் பகுதி. நல்ல துளிர் விட்ட மலையில் எடுத்த 26 கிலோவும், கவ்வாத்து வெட்டி (செடிகளைக் கத்தரித்து) அரும்பத் தொடங்கிய மலையில் எடுத்த 26 கிலோவும் ஒன்றல்ல. இந்தக் கேள்வி மாமாவின் ஆளையே முதலில் கடித்தது. முரளியின் 800 இல் 493 விக்கெட் இலங்கை மண்ணில் 73 டெஸ்ட்களில் வந்தவை. கண்டியின் அஸ்கிரிய மைதானத்தில் மட்டும் 117. மேலும், முரளி ஒரு டெஸ்டுக்குச் சராசரியாக 55 ஓவர் வீசினார், வார்ன் 47தான். எனவே டெஸ்டுக்கு இத்தனை என்பதை விட்டு, ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்று பார்த்தால் முரளிக்கு 55, வார்னுக்கு 57. அந்த 23 சதவீதம் நாலாகச் சுருங்கிவிடுகிறது. வேகப்பந்து வீச்சாளர் டேல் ஸ்டெய்னுக்கோ 42 பந்துதான்.

மாமா முகம் வாடியதைப் பார்த்து இன்னொன்றையும் சொன்னேன். வெளியூர் மண்ணில் முரளி 60 டெஸ்ட்களில் 307 விக்கெட் எடுத்தார், டெஸ்டுக்கு 5.1. உள்ளூர் விளைச்சலை முழுவதும் தள்ளிவிட்டாலும், நான் எடுத்த 15 பேரில் எவருடைய மொத்தச் சராசரியும் இதை எட்டவில்லை. வெறும் கவ்வாத்து மலைக் கணக்கே அது.

போல்டின் மலையை அறிவது சுலபம். பெர்லினில் அன்று பின்காற்று விநாடிக்கு 0.9 மீட்டர் என்று முடிவுப் பட்டியலிலேயே பதிவாகியிருக்கிறது, சாதனைக்கு 2.0 வரை அனுமதி உண்டு. 2010 இல் காலியில் முரளி தன் 800ஆவது விக்கெட்டை எடுத்த நாளில் ஆடுகளத்தில் பந்து எவ்வளவு திரும்பியது என்பதற்கு ஸ்கோர் அட்டையில் ஒரு கட்டம்கூட இல்லை.