பட்டியலின் முதல் பெயரை ஏன் முழுசாக நம்பக் கூடாது?

சிகாகோவில் மகன் வீட்டில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்கக் கால்பந்து டிராஃப்ட் வந்தாலே வீட்டில் சண்டைதான். அணியில் எந்த இடம் காலியோ அதற்கு ஆள் எடுக்க வேண்டும் என்கிறான் பெரிய பேரன். இடத்தைப் பார்க்காதே, இருப்பதிலேயே கெட்டிக்காரனை எடு என்கிறான் சின்னவன். அறிவியல் யார் பக்கம்?”

பெரிய பேரன் பக்கம் கொஞ்சம், சின்னவன் பக்கம் கொஞ்சம். ஆனால் இருவருமே கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நம் மதிப்பீட்டை நாமே எவ்வளவு நம்பலாம்?

விதிகளைச் சட்டென்று பார்த்துவிடுவோம். டிராஃப்ட் என்பது கல்லூரியில் ஆடி வரும் புதுமுகங்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வது. 32 அணிகள், 7 சுற்றுகள். போன பருவத்தில் மட்டமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. ஐ.பி.எல். போல ஏலம் கிடையாது, வரிசைதான். ஆனால் வரிசையில் தனக்குரிய இடத்தை இன்னோர் அணிக்குக் கைமாற்றலாம். கூத்தெல்லாம் அங்கேதான் ஆரம்பம்.

எந்த இடத்துக்கு என்ன விலை? 1991 வாக்கில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனுக்காக, அணியின் பங்குதாரர்களில் ஒருவரான மைக் மெக்காய் ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தார். முதல் இடத்துக்கு 3000 புள்ளி, 16-ஆம் இடத்துக்கு 1000, முதல் சுற்றின் கடைசி இடமான 32-க்கு 590. அதாவது முதல் இடத்தைக் கொடுத்தால் 32-ஆம் இடம் மாதிரி ஐந்தை வாங்கலாம். இது உண்மையான ஆட்டத் திறனை அளந்து போட்ட கணக்கு இல்லை. அணிகள் அதுவரை எந்த விலைக்குப் பேரம் பேசினவோ அதன் சுருக்கம், அவ்வளவுதான். ஆனாலும் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

கேட் மாசி, ரிச்சர்ட் தேலர் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த விலையையும், எடுக்கப்பட்ட வீரர்கள் பின்னாளில் எப்படி ஆடினார்கள் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். தேலர் 2017-இல் பொருளாதார நோபல் வாங்கியவர். அவர்கள் கண்டது: மேல் இடங்களுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன. ஒரே வேலைக்கு அடுத்தடுத்து எடுக்கப்படும் இருவரில், முதலில் எடுக்கப்பட்டவரே மேலானவராக அமையும் வாய்ப்பு 52 சதவீதம். காசைச் சுண்டினால்கூட 50 கிடைக்கும்!

ஏன் இப்படி? எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஒரு வீரரின் உண்மைத் திறன் 70 மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். அது யாருக்கும் தெரியாது. 32 அணிகளும் தனித்தனியாக அவரை மதிப்பிடுகின்றன. எல்லாமே நேர்மையான மதிப்பீடுகள். ஒருவர் கொஞ்சம் கூட்டிப் போடுவார், ஒருவர் குறைத்துப் போடுவார். மூன்றில் இரண்டு பங்கு மதிப்பீடுகள் 60-க்கும் 80-க்கும் நடுவே விழுகின்றன என்போம். அத்தனையையும் கூட்டி 32-ஆல் வகுத்தால் 70-க்கு வெகு பக்கத்தில் வரும். கூட்டம் பொதுவாகச் சரியாகத்தான் சொல்கிறது. ஆனால் அந்த 32-இல் மிக உயர்ந்த மதிப்பீடு எவ்வளவு இருக்கும்? பிழைகள் வழக்கமான மணி வடிவில் பரவியிருந்தால், சராசரியாக 91!

இப்போது சொல்லுங்கள், இந்த வீரருக்காக இரண்டு மூன்று இடங்களைத் தூக்கிக் கொடுத்து மேலே ஏறி வரப்போகும் அணி எது? 70 போட்ட அணியா? அது சும்மா உட்கார்ந்திருக்கும். 91 போட்ட அணிதான் வரும். அந்த அணியில் முட்டாள்கள் யாரும் இல்லை. அதிகமாகத் தவறியவர்களை மட்டும் பொறுக்கி முன்னால் நிறுத்துவது போட்டியின் அமைப்பேதான். 1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் கேப்பன், கிளாப், கேம்ப்பெல் மூவரும், மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண உரிமையை ஏலத்தில் ஜெயித்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்காததற்கு இதையே காரணமாகச் சொன்னார்கள். ‘வென்றவரின் சாபம்’ என்று அதற்குப் பெயர். (டல்லாஸ் அணியின் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸ் எண்ணெய், எரிவாயுவில் பணம் பார்த்தவர் என்பது ஒரு வேடிக்கை.)

நிஜத்தில் எல்லா அணிகளும் ஒரே ஆட்டப் பதிவுகளைத்தான் பார்க்கின்றன, அதனால் பிழைகளும் ஓரளவு ஒரே பக்கம் சாயும். வித்தியாசம் 21 மதிப்பெண் வரை போகாது. ஆனால் சாபம் நீங்கிவிடாது. இடம் மாற்றாமல் சும்மா இருக்கும் அணிக்கும் அது உண்டு. ஒரே அணி நூறு பேரை மதிப்பிட்டு வரிசைப்படுத்தினால், பட்டியலின் தலையில் இருப்பவர் திறமைசாலி மட்டும் அல்ல, மதிப்பீட்டுப் பிழை அவருக்குச் சாதகமாக விழுந்தவரும்கூட.

மருந்து எளிது. எண்ணைச் சராசரியை நோக்கிச் சுருக்க வேண்டும். குழுவின் சராசரி 60, உங்கள் மதிப்பீட்டை நம்பக்கூடிய அளவு பாதி என்றால், நீங்கள் 90 போட்ட வீரருக்கு 75 என்று எழுதுங்கள் (60-க்கு மேல் உள்ள 30-இல் பாதி மட்டும்), 84 போட்ட வீரருக்கு 72. ஆறு மதிப்பெண் இடைவெளி மூன்றாகிவிட்டது பாருங்கள். இனி பேரன்கள் சண்டைக்கு வருவோம். அந்த 84 காரர் உங்கள் அணியில் காலியாக இருக்கும் இடத்துக்குப் பொருந்தினால் தாராளமாக எடுக்கலாம். மூன்று மதிப்பெண்ணை அணியின் தேவை ஈடுகட்டிவிடும். ஆனால் தேவை இருக்கிறதே என்று 70 காரரை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. அதைவிட, தேவைக்காக இடங்களைக் கொட்டிக் கொடுத்து மேலே ஏறவே கூடாது.

2023-இல் கரோலினா அணி அதைத்தான் செய்தது. குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் முக்கிய வீரர்) வேண்டும் என்ற தவிப்பில் சிகாகோவிடமிருந்து முதல் இடத்தை வாங்கி, பதிலுக்கு 9-ஆம் இடம், 61-ஆம் இடம், 2024-இன் முதல் சுற்று, 2025-இன் இரண்டாம் சுற்று, போதாக்குறைக்கு டி.ஜே. மூர் என்ற நல்ல வீரரையும் கொடுத்தது. பிரைஸ் யங்கை எடுத்தது. அடுத்த இடத்தில் ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுட் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருதை வாங்கினார். கரோலினா 17 ஆட்டத்தில் 15 தோற்றது. அதனால் அது ஏற்கெனவே கொடுத்துவிட்ட 2024 முதல் சுற்று இடம் டிராஃப்ட்டிலேயே முதல் இடமாகி, சிகாகோவுக்கு கேலப் வில்லியம்ஸ் கிடைத்தார். இந்த ஒரு கதையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. யங்கா ஸ்ட்ரவுட்டா என்பது அந்த 52 சதவீதச் சமாசாரம்தான். கரோலினா தவறியது ஆளில் இல்லை, விலையில்.

கரோலினாவுக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். 2010-இல் முதலில் எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். 2011-இல் புதுமுகங்களின் சம்பளத்துக்குக் கட்டுப்பாடு வந்ததும், முதலில் எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. யங்குக்கு நான்கு ஆண்டுக்கு சுமார் 3.8 கோடி, அதே 2023-இல் அனுபவசாலி குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு ஐந்தாண்டுக்கு 27.5 கோடி. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால், மலிவான நல்ல குவாட்டர்பேக் கிடைத்தால் மிச்சப் பணத்தில் பாதி அணியைப் பலப்படுத்திவிடலாம். ஆகவே குவாட்டர்பேக் என்ற இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது. மற்ற வேலைகளுக்கு இல்லை.

என் எரிச்சல் வேறு இடத்தில். இவ்வளவு பணம் புரளும் தொழிலில் இன்னமும் குவாட்டர்பேக்கின் விரித்த கை கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எத்தனை அங்குலம் என்று அளந்து கால் அங்குலத்துக்கு வாதாடுகிறார்கள். இதற்கும் கைரேகை ஜோசியத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆராய்ச்சி நிதி ஒதுக்கும் குழுக்கள் மட்டும் யோக்கியமா? 87 மதிப்பெண் வாங்கிய திட்டத்துக்குப் பணம், 86-க்குக் கிடையாது என்பார்கள். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சிக் கழகம் 2013-இல் ஒரு வகை நிதிக்கு, தகுதியான விண்ணப்பங்களைப் பிரித்தெடுத்துவிட்டுக் குலுக்கல் போடத் தொடங்கியது. இந்தியாவிலும் அதைச் செய்து பார்க்கலாம் என்பது என் கட்சி.

அப்படியானால் டிராஃப்ட்டில் என்ன செய்வது? மேலே ஏறுவதை விட்டுக் கீழே இறங்கி, வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது. சான் பிரான்சிஸ்கோ அணி 2021-இல் மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று இடங்களையும், கூடவே ஒரு மூன்றாம் சுற்று இடத்தையும் மயாமிக்குக் கொடுத்து, 3-ஆம் இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக ஆடியது நான்கே ஆட்டம். 2023-இல் ஒரு நான்காம் சுற்று இடத்துக்கு டல்லாஸுக்குப் போனார். அதே அணி 2022-இல் டிராஃப்ட்டின் ஆகக் கடைசி இடமான 262-இல் பிராக் பர்டியை எடுத்தது. அவர்தான் 2024 பிப்ரவரியில் அந்த அணியை இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோன குவாட்டர்பேக். பர்டியைக் கண்டுபிடித்த கூர்மையான கண் என்று அணியைப் பாராட்டுகிறவர்கள் உண்டு. அந்த 2022 டிராஃப்ட்டில் பர்டிக்கு முன்னால் அதே அணி வேறு எட்டுப் பேரை எடுத்திருந்தது.