சுதையோவியம்: ஜப்பானியக் ‘கொத்தே-எ’வுக்குத் தமிழ்ச் சொல்

ஜப்பானின் பழைய களஞ்சியங்களில் கூரைக்குக் கீழே உள்ள முக்கோணச் சுவரை அண்ணாந்து பார்த்தால் ஒரு டிராகன் வாய் பிளந்து நிற்கும். இன்னொரு வீட்டில் ஆமை நீந்தும், வேறொன்றில் அலைமேல் முயல் ஓடும். எல்லாம் சுண்ணச் சாந்தால் ஆனவை. சுவரிலிருந்து புடைத்து எழுந்து, வண்ணமும் கொண்டவை. இந்தக் கலைக்கு ஜப்பானிய மொழியில் ‘கொத்தே-எ’ என்று பெயர். ‘கொத்தே’ என்பது கொத்தனார் கையில் பிடிக்கும் கரணை. ‘எ’ என்பது படம். கரணையால் போட்ட படம், அவ்வளவுதான் நேர்ப்பொருள்.

கொத்தே என்றதும் நமக்குக் கொத்தனாரும் கொத்துவேலையும் நினைவுக்கு வரும். ஒலி ஒத்திருக்கிறது என்பதற்காக உறவு கொண்டாட வேண்டாம். அங்கே கொத்தே என்ற சொல்லின் புழக்கம் வேறு: ஈயப் பற்று வைக்கும் சூட்டுக்கோலும் கொத்தேதான், கன்சாய் பகுதியில் கல்லில் அடை புரட்டும் தட்டைக் கரண்டியும் கொத்தேதான். தமிழில் ‘கரண்டி’ அடுப்படியிலும் கட்டுவேலையிலும் புழங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

சாந்தின் பெயர் ‘ஷிக்குயி’. சீன மொழியில் சுண்ணாம்பைக் குறிக்கும் சொல்லின் உச்சரிப்பு ஜப்பானுக்கு வந்து திரிந்தது இது. எழுதும்போது ‘அரக்கு’, ‘உண்’ என்ற இரண்டு எழுத்துகளை ஒலிக்காக மட்டும் இரவல் வாங்கியிருக்கிறார்கள். எழுத்தைப் பார்த்து, அரக்கு கலந்த சாந்து என்று பொருள் சொல்லிவிடக் கூடாது. அதில் இருப்பது நீற்றிய சுண்ணாம்பு, வெடிப்பு விடாமலிருக்கச் சணல் நார், பிடிப்புக்கு ‘ஃபுனோரி’ என்ற கடற்பாசியைக் காய்ச்சி எடுத்த பசை. நம் கட்டுவேலையில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். கடல் சூழ்ந்த நாட்டில் பாசி. காற்றிலுள்ள கரிவளியை (கரியமில வாயுவை) மெல்ல மெல்ல உள்வாங்கிச் சுண்ணாம்பு மறுபடி கல்லாக இறுகும். அதற்கு முன், சாந்து இளக்கமாக இருக்கும் சிறு பொழுதில், விரலளவுக் கரணைகளால் அப்பி, வழித்து, கீறி உருவத்தைக் கொண்டுவந்துவிட வேண்டும். செங்காவி, புகைக்கரி, நீலம் போன்ற நிறப்பொடிகளைச் சாந்திலேயே குழைத்துக்கொள்வார்கள், அல்லது மேலே தீட்டுவார்கள்.

களஞ்சியச் சுவரில் ஏன் இத்தனை விலங்குகள் என்ற கேள்விக்கு விடை நெருப்பு. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரம் மரத்தால் ஆனது. 1657-இல் மெய்ரெகி ஆண்டுத் தீ நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது. நெல்லும் பட்டும் கணக்கேடும் பிழைக்க வேண்டுமானால் மூங்கில் பிளாச்சின் மேல் கனமாக மண் அப்பி, சுண்ணச் சாந்து பூசிய ‘குரா’ என்னும் களஞ்சியம் வேண்டும். ஆக, தீயைத் தடுக்கும் சுவரும் சாந்துதான், தீ வராதிருக்க வேண்டிக்கொள்ளும் உருவமும் அதே சாந்துதான். சில வீடுகளில் முக்கோணச் சுவரில் ‘நீர்’ என்ற ஒற்றை எழுத்தை மட்டும் புடைப்பாக எழுதி வைத்திருப்பார்கள். டிராகன் அந்த எழுத்தின் உயிருள்ள வடிவம்: மேகத்தையும் மழையையும் ஆள்வது அது.

இந்த டிராகனைத் தமிழில் ‘யாளி’ என்று எழுதுவது பொருந்தாது. யாளி சிங்க உடலும் துதிக்கையும் கொண்டது, நீரோடு அதற்குத் தொடர்பில்லை. சொல் வரலாற்றைப் பார்த்தால் ‘நாகம்’தான் நெருக்கம், பௌத்த நூல்களைச் சீனத்தில் பெயர்த்தவர்கள் ‘நாகம்’ வந்த இடங்களில் தங்கள் டிராகனின் எழுத்தையே இட்டார்கள், நாகராசர்கள் மழையின் அரசர்களாக ஜப்பான் வரை போனார்கள். ஆனாலும் நாகம் என்றால் நம் வாசகருக்குப் படமெடுத்த பாம்பே தோன்றும். எனவே ‘டிராகன்’ என்றே விட்டுவிடலாம்.

எலியின் கதை இன்னும் செறிவானது. நெல் இருக்கும் இடத்தில் எலியை வரைவார்களா என்று தோன்றும். வரைந்திருக்கிறார்கள், நெல் மூட்டைகள்மேல் சிரித்தபடி நிற்கும் ‘தைக்கொக்கு’ தெய்வத்தோடு. தை என்றால் பெரிய, கொக்கு என்றால் கறுப்பு. வடமொழி மகாகாளனின் நேர் மொழிபெயர்ப்பு இது. நம் காவல் தெய்வம் அங்கே சமையற்கட்டுக்கும் செல்வத்துக்கும் உரியவராகிச் சிரித்த முகம் பெற்றுவிட்டார். எலி அவரிடம் வந்ததற்கு வழிவிட்டது ஓர் ஒலி ஒற்றுமை. ஜப்பானின் பழந்தெய்வம் ஓக்குனினுஷியின் பெயரில் உள்ள எழுத்துகளையும் ‘தைக்கொக்கு’ என்று படிக்கலாம்; அதனால் இருவரும் ஒருவராகக் கலந்தார்கள். 712-இல் தொகுத்த ‘கொஜிக்கி’ என்ற ஜப்பானியப் பழங்கதை நூலில், ஓக்குனினுஷி புல்வெளிக்குள் போனதும் சுற்றிலும் தீ மூட்டிவிடுகிறார்கள். அப்போது ஓர் எலி வந்து, ‘உள்ளே விசாலம், வாசல் குறுகல்’ என்கிறது. அவர் காலை ஊன்ற, மண் உள்வாங்கிக் குழியில் விழுகிறார்; தீ தலைக்கு மேலே கடந்து போகிறது. தீயிலிருந்து காப்பாற்றிய எலிக்குக் களஞ்சியத்தில் இடம் கிடைத்தது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

அலைமேல் ஓடும் முயலும் நீர் சார்ந்த காவல்தான். நிலவில் முயல் இருக்கிறது, நிலவொளி கடலில் விழும்போது அது அலைகளின் மேல் ஓடுகிறது என்பது ‘சிக்குபுஷிமா’ என்ற, ‘நோ’ எனப்படும் ஜப்பானிய மரபு நாடகத்தில் வரும் கற்பனை. நிலாவின் மறுவை ‘முயற்கறை’ என்றும் நிலாவைச் ‘சசாங்கன்’ என்றும் சொன்ன நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆமையும் கொக்கும் நெடுவாழ்வுக்கு. ‘கொக்குக்கு ஆயிரம் ஆண்டு, ஆமைக்குப் பதினாயிரம்’ என்பது அவர்கள் வழக்கு. இது நம் வயல்வரப்பு வெள்ளைக் கொக்கு அல்ல. உச்சி சிவந்த பெருங்கொக்கு. ஆமையின் பின்னால் வால்போல் நீண்ட மயிர்க்கற்றை தெரிந்தால் அதற்கு ‘மினோகாமே’ என்று பெயர். ‘மினோ’ என்பது உழவர் மழைக்குப் போர்த்தும் வைக்கோல் அங்கி. முதிர்ந்த ஆமையின் ஓட்டில் பாசி வளர்ந்து அந்த அங்கிபோல் தொங்குகிறது என்பது கருத்து. அருவி ஏறும் கெண்டை மீன் டிராகனாகிவிடும் என்ற சீனக் கதையிலிருந்து வந்தது மீன் உருவம்; பிள்ளைகள் முன்னுக்கு வர வேண்டும் என்பதற்காக வைப்பது. புலியும் சிங்கமும் ஜப்பானில் இல்லாத விலங்குகள். கொத்தனார்கள் படங்களைப் பார்த்துத்தான் செய்தார்கள், அதனால் பல புலிகளுக்குப் பூனை முகம்.

இந்தக் கலையின் பெரும்பெயர் இரியே சோஹாச்சி (1815–1889). இசு தீபகற்பத்தின் மாட்சுசாகி ஊரில் பிறந்தவர். சிறுவயதிலேயே பூச்சுவேலைக்குப் போனவர், எடோ சென்று கிட்டா புசெய் என்ற ஓவியரிடம் முறையாக ஓவியமும் கற்றார். கட்டுவேலைக்காரர் தூரிகை பிடிக்கக் கற்றதுதான் திருப்புமுனை. எடோவின் கயாபாச்சோவில் இருந்த யகுஷி கோயில் தூண்களில் அவர் செய்த ஏறு டிராகனும் இறங்கு டிராகனும் அவருக்குப் புகழ் தந்தன. தலைநகரில் அவர் செய்தவற்றில் பெரும்பாலானவை 1923 நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் போய்விட்டன. நெருப்பைத் தடுக்க வைத்த உருவங்கள் நெருப்பிலேயே போனதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

மிஞ்சியவற்றில் நான் முதலில் காட்ட விரும்புவது மாட்சுசாகியின் இவாஷினா பள்ளி. 1880-இல் கட்டியது. மாடியிலுள்ள பாய் விரித்த அறையில், சுவரின் மேல்பட்டியைச் சுற்றி 138 கொக்குகள் பறக்கின்றன. ஒன்றின் நிலை இன்னொன்றுக்கு இல்லை: ஒன்று கழுத்தை நீட்டுகிறது, ஒன்று சிறகை மடிக்கிறது, ஒன்று திரும்பிப் பார்க்கிறது. மாடத்துச் சுவரின் செந்நிறம் உதயசூரியன். கூட்டம் முழுவதும் அதை நோக்கியே போகிறது. அதே ஊரில் 1984-இல் திறந்த சோஹாச்சி அருங்காட்சியகத்தில், பார்க்க வருபவர் கையில் உருப்பெருக்கிக் கண்ணாடி கொடுக்கிறார்கள். கரணை வேலையைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதிலேயே அந்தக் கையின் நுட்பம் தெரியும்.

ஆனால் இது ஒரு மேதையின் கலை மட்டும் அல்ல. கியூஷு தீவில் ஓயிடா மாநிலத்தின் அஜிமு பக்கம் சாதாரண உழவர் வீடுகளிலும் கடைகளிலும் இவை நிறைந்திருக்கின்றன. பெரும்பாலும் மெய்ஜி காலத்தவை (1868–1912). ஆடம்பரத்துக்கு எடோ ஆட்சி போட்ட கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு மலர்ந்தவை. வேலை முடிந்ததும் வீட்டுக்காரருக்கு நன்றியாகக் கொத்தனார் கூலியின்றிச் செய்து கொடுத்தவையும் உண்டு என்பார்கள்.

இனி, தமிழ்ச் சொல். ‘சுவரோவியம்’ தட்டையான வண்ணப் படத்தைக் குறிக்கும், புடைப்பு விட்டுப்போகிறது. ‘புடைப்புச் சிற்பம்’ கல்லைச் செதுக்கிக் கழிப்பதை நினைவூட்டும். இங்கே நடப்பதோ சாந்தைச் சேர்ப்பது. ‘சுதைச் சிற்பம்’ பொருளால் மிக நெருக்கம். ஆனால் கோபுரத்துப் பொம்மைகளைப் போல முழு உருவமாக நிற்பதற்கு அந்தச் சொல் நிலைத்துவிட்டது. கொத்தே-எவில் பின்னணி மேகமும் அலையும் மூங்கிலும் ஓவியத்தின் இலக்கணத்தில் அமைந்தவை. ‘கரணைப் படம்’ நேர்ப்பெயர்ப்பு, காதில் ஒட்டவில்லை.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில், புகார் நகரத்துச் செங்கல் மாளிகைகளைப் பற்றி இப்படி வருகிறது:

மையறு படிவத்து வானவர் முதலா
எவ்வகை உயிர்களும் உவமம் காட்டி
வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய
கண்கவர் ஓவியம்

வானவர் முதல் எல்லா உயிர்களையும் வெண்சுதையில் காட்டிய ஓவியம், அதுவும் வீட்டுச் சுவரில். சுதைப் பூச்சின் மேல் தீட்டியது என்று பொருள் கொண்டாலும், சுதையும் ஓவியமும் உயிர்களும் வீட்டுச் சுவரும் ஓரிடத்தில் சேர்ந்திருக்கின்றன. ஆகவே கொத்தே-எவுக்குச் ‘சுதையோவியம்’ என்பதே என் தேர்வு. முதலில் வருமிடத்தில் ‘கொத்தே-எ என்னும் ஜப்பானியச் சுதையோவியம்’ என்று எழுதிவிட்டு, பிறகு சுதையோவியம் என்றே தொடரலாம். செய்பவரைச் ‘சுதையோவியர்’ எனலாம். ஷிக்குயிக்குச் ‘சுதை’ அல்லது ‘சுண்ணச் சாந்து’, குராவுக்குக் ‘களஞ்சியம்’ போதும். மினோகாமேயை மட்டும் மாற்ற முயல வேண்டாம்; ‘பாசிவால் ஆமை’ என்று பக்கத்தில் ஒரு விளக்கம் கொடுத்து, பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.