அழுத்தம் குறைகிறது, ஆக்சிஜன் குறைவதில்லை

குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடியின் ஒரு துண்டை இருமுனையிலும் கிளாம்ப் போட்டு, அதிலுள்ள இரத்தத்தைச் சோதிப்பதற்காக மருத்துவர்கள் தனியே எடுத்து வைப்பதுண்டு. அதன் வெட்டுமுகத்தில், வழுவழுப்பான கூழுக்கு நடுவே, அகன்ற சிரை ஒன்றும் சுவர் தடித்த சிறிய தமனிகள் இரண்டும் தெரியும். பள்ளியில் படித்ததற்கு மாறாக, இங்கே ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தை நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குக் கொண்டுவருவது சிரைதான்.

மிகுந்தது என்றாலும், நிறைமாதத்தில் அந்தச் சிரையில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் பாதரசம் மட்டுமே. நலமான பெரியவரின் தமனியில் அது 100-ஐ ஒட்டியிருக்கும். 2007-இல் எவரெஸ்ட்டில் 8,400 மீட்டர் உயரத்தில் மலையேறிகள் நால்வரின் தமனி இரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்த சராசரி 24.6. பெரியவர்கள் தள்ளாடும் அந்த நிலையில் சிசு அமைதியாக வளர்வதற்குக் காரணம், தாயின் ஹீமோகுளோபினைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் கருநிலை ஹீமோகுளோபின். பெரியவர்களின் ஹீமோகுளோபின் பாதி நிரம்ப 27 மில்லிமீட்டர் அழுத்தம் வேண்டும். இதற்குச் சுமார் 20 போதும். ஆகவே 30 மில்லிமீட்டரிலேயே முக்கால் பங்கு நிரம்பிவிடுகிறது.

வியப்பு இத்துடன் முடியவில்லை. 1983-இல் பாரிஸில் மருத்துவர் ஃபெர்னான் டாஃபோஸ், அல்ட்ராசவுண்ட் படத்தைப் பார்த்தபடியே ஊசியைக் கொடிக்குள் செலுத்தி, கருவிலிருக்கும் குழந்தையின் இரத்தத்தை எடுக்கும் முறையை அறிமுகப்படுத்தினார். அதைக் கொண்டு லண்டனில் கைப்ரோஸ் நிக்கோலைடிஸ் உள்ளிட்டோர் வாரவாரியாக அளந்தபோது, கர்ப்பம் முதிர முதிரச் சிரையின் ஆக்சிஜன் அழுத்தம் இறங்கிக்கொண்டே போவது தெரிந்தது. ஆனால் அதே காலத்தில் ஹீமோகுளோபின் 17-ஆம் வாரத்தில் டெசிலிட்டருக்குச் சுமார் 11 கிராமிலிருந்து 40-ஆம் வாரத்தில் 15 கிராம்வரை உயர்கிறது. அழுத்தம் இறங்கினாலும் சுமக்கும் கைகள் பெருகுவதால், ஒவ்வொரு மில்லிலிட்டர் இரத்தமும் ஏந்திவரும் ஆக்சிஜனின் மொத்த அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. இதைவிட நுட்பமான ஈடுகட்டலை உடலில் காண்பது அரிது என்பேன்.

எனவே 28 வாரத்தில் பிறந்த குழந்தையின் ஆக்சிஜன் அழுத்த அளவீட்டை நிறைமாதக் குழந்தையின் அளவுகோலில் வைத்துப் பார்ப்பது பிழையாகும். அதோடு, பிரசவ வலியின்போது கருப்பை இறுகும் ஒவ்வொரு முறையும் இரத்த ஓட்டம் தடைபட்டு, ஆக்சிஜன் அளவு நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். குழந்தை பட்ட நெருக்கடியை அறிய மருத்துவர்கள் தொப்புள்கொடித் தமனி இரத்தத்தின் அமிலத்தன்மையை முதன்மையாக நோக்குவது இதனால்தான்: ஆக்சிஜன் மீண்டும் ஏறிவிட்டாலும், நீண்ட தட்டுப்பாட்டில் சேர்ந்த லாக்டிக் அமிலம் உடனே கரைந்து போவதில்லை.