கேரவன் கூரையில் 250 வாட், பேட்டரிக்கு 108

"250 வாட் சோலார் பேனல் போட்டும் பேட்டரி ஏறல, பேனல் டூப்ளிகேட்டா?" மறுபடியும் ஒரு கேரவன், மறுபடியும் அதே கேள்வி. பேனலில் குறையே இல்லை. மொட்டை மாடிக்கான 60 செல் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு மலிவான பி.டபிள்யூ.எம். (PWM) கன்ட்ரோலர், அதாவது நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி, வழியாகக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும்.

பேனலின் பின்புற ஸ்டிக்கரைப் படியுங்கள். 250 வாட் என்றால் சுமார் 30 வோல்ட், 8.3 ஆம்பியர். பி.டபிள்யூ.எம். வெறும் ஸ்விட்ச், பேனலை பேட்டரியின் 13 வோல்ட்டுக்கே இழுத்துவிடும். வோல்ட் குறைந்ததற்காக ஆம்பியர் கூடாது. 13 × 8.3 = 108 வாட், அவ்வளவுதான். கன்ட்ரோலர் மேல் அச்சிட்ட '30 ஆம்பியர்' அது தாங்கும் அளவு, தரும் அளவு அல்ல. இதை எத்தனை முறைதான் சொல்வது! எம்.பி.பி.டி. (MPPT) என்ற இன்னொரு வகை கன்ட்ரோலர் கூடுதல் வோல்ட்டை ஆம்பியராக மாற்றும். சூடான கூரையில் பேனல் 200 வாட் கொடுத்தாலே 14, 15 ஆம்பியர் ஏறும்.

அதற்காக எல்லாரும் எம்.பி.பி.டி.க்கு ஓட வேண்டாம். 36 செல், 100 வாட் பேனல் ஒன்று, ஃபேன், லைட், போன் என்றால் பி.டபிள்யூ.எம். தாராளம். அந்தப் பேனலின் 18 வோல்ட் வெயில் சூட்டில் 15, 16க்கு இறங்கிவிடும். மீட்க அதிகம் மிச்சமிருக்காது.

'எம்.பி.பி.டி.' என்று ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிய பெட்டிகளும் வருகின்றன. உள்ளே காயில் இல்லாததால் கையில் தூக்கினாலே லேசாக இருக்கும். 60 செல் பேனலை மாட்டி, பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது, நல்ல வெயிலில், வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் டி.சி. கிளாம்ப் மீட்டர் பிடியுங்கள். பேட்டரி வயரில் பேனல் வயரைவிட இரு மடங்கு போல ஆம்பியர் வர வேண்டும். இரண்டும் ஒன்றே என்றால் ஏமாந்துவிட்டீர்கள்.

நல்ல எம்.பி.பி.டி.யையும் கொல்ல முடியும். பெட்டி மேல் 75/15 என்று இருந்தால் பேனல் பக்கம் அதிகபட்சம் 75 வோல்ட், பேட்டரி பக்கம் 15 ஆம்பியர். 60 செல் பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதுவும் மாட்டாதபோது வரும் வோல்ட்) சுமார் 38. இரண்டை சீரிஸில் போட்டால் 76. ஊட்டிக் குளிரில் காலை வெயில் பட்டால் இன்னும் ஏறும். 100 வோல்ட் மாடல் வாங்குங்கள், அல்லது பேரலலில் போடுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். பேட்டரி பாசிட்டிவ் பக்கத்திலேயே ஃபியூஸ், தயவுசெய்து. லித்தியத்துக்கு மாறியவர்கள் செட்டிங்கையும் மாற்றுங்கள்: எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரிக்கு 14.2 முதல் 14.4 வோல்ட், ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட் பேட்டரிக்கான அதிக வோல்ட் சார்ஜ்) கட்டாயம் ஆஃப்.