கிரவுன் பினியன் வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

இந்த மழைக்காலத்தில் இதே கோளாறோடு என்னிடம் வந்த மூன்றாவது ஜீப் இது. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு தினமும் போடிமெட்டு ஏறும் வண்டி. "அண்ணே, ஃபோர் வீல் லிவர் போட்டா திரும்ப எடுக்க வரமாட்டேங்குது" என்றார் டிரைவர் தம்பி. நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் அந்த லிவரை நான் தொடவே இல்லை. பின்னாடி கிரவுன் பினியன், அதாவது ஷாஃப்டின் சுற்றைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி, எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். இரண்டு மாதம் ஆகிறதாம், எங்கோ ஒரு பட்டறையில், காயலான் கடைச் சாமான்.

திறந்து எண்ணினால் பின்னால் கிரவுனில் 43 பல், பினியனில் 8. முன்னால் 39க்கு 8.

"நாலு பல்லுதானே அண்ணே?" என்பதுதான் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏற்றும் கேள்வி. 43ஐ 8ஆல் வகுத்தால் 5.38, 39ஐ வகுத்தால் 4.88. சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற விகிதம் இதுதான். ராணுவத்துக்குச் செய்த வில்லிஸ் ஜீப்பில் 4.88 இருந்தது, பிறகு வந்த சிவிலியன் ஜீப்பில் 5.38, ஆக இரண்டுமே 'ஜீப் சாமான்'தான், கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும். ஷாஃப்ட் 1000 சுற்று சுற்றினால் பின் சக்கரம் 186 சுற்று, முன் சக்கரம் 205. அரை கிலோமீட்டர்கூடப் போகாத தூரத்துக்குள் முன்பக்கம் கிட்டத்தட்ட 40 மீட்டர் அதிகம் ஓடப் பார்க்கிறது! சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துவிடும், அதனால்தான் இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை. தார் ரோட்டில் வழுக்க இடமில்லை, முறுக்கு முழுக்க முன்னுக்கும் பின்னுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஏறி லிவர் இறுகிவிடுகிறது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விடும், சரி, ஆனால் அப்படியே ஓட்டினால் ஒருநாள் ஏதாவது ஒரு கியரோ ஷாஃப்டோ உடையத்தான் போகிறது, அதுவும் ஆட்களோடு வளைவில்.

கிரவுன் இருக்கும் ஹவுசிங்கை, அதாவது இரும்புக் கூட்டைத் திறக்காமலே விகிதம் கண்டுபிடிக்கலாம். ஃபோர் வீல் லிவரை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, அதை முழுசாக இரண்டு சுற்று சுற்றுங்கள். சாக்பீஸ் கோடு போட்ட ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். அஞ்சுக்குக் கொஞ்சம் குறைவா, அஞ்சேகால் தாண்டியதா என்பது கண்ணுக்கே தெரியும். ஒன்று மட்டும், தயவுசெய்து: பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, ஷாஃப்டில் இருக்கிறது. அதை விட்டால்தான் ஷாஃப்ட் சுற்றும். பிடித்திருந்தாலும் ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது வண்டியை அது நிறுத்தாது. முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் ஜாக்கி போடாதீர்கள்.

மாற்றும்போது கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான். இரண்டிலும் ஒரே ஜோடி நம்பர் வெட்டியிருக்கும், பாருங்கள். பினியன் மட்டும் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் போடு என்று வந்தால் நான் போடமாட்டேன், கோபித்துக்கொண்டாலும் சரி. ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, பல்லுக்குப் பல் உள்ள இடைவெளியான பேக்லாஷை டயல் கேஜில் பார்த்து, பல்லில் கலர் தடவிச் சுற்றி, தடம் நடுவில் விழுகிறதா என்று பார்க்க அரை நாள் ஆகும். 'கையால ஆட்டிப் பார்த்தேன், சரியா இருக்கு' என்று ஒரு மணி நேரத்தில் வண்டியைக் கொடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். அது மெட்டு ஏறும்போது ஊளையிட ஆரம்பிக்கும். திரும்பும்போது மட்டும் டொக் டொக் என்றால் அது வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் ஸ்டார் கியர், கிரவுனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

புதுசு போட்டதும் முதல் இருபது கிலோமீட்டர் காலியாக ஓட்டி ஆறவிடுங்கள். 500 கிலோமீட்டரில் கியர் ஆயிலை மாற்றுங்கள், அதில் மினுமினு தூள் கொஞ்சம் வரும், பயப்படவேண்டாம். துண்டு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் போன் பண்ணுங்கள்.

அப்புறம், கழற்றிய பழைய கிரவுனை இரும்புக் கடையில் போட்டுவிட்டு வராதீர்கள். சாக்கில் கட்டிக் கொண்டு வாருங்கள். பல் உடைந்திருந்தாலும் எண்ண முடியும்.