ஷார்ப்: கூர்மையா, கூர்ப்பா?

"அண்ண, ரேஞ்ச்ஃபைண்டரா டிஎஸ்எல்ஆரா, எது ஷார்ப்?" மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தடியில் விடியப்புறம் படம் எடுத்துக்கொண்டு நின்றபோது, கலியாண வீடுகளுக்குப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டார். ரேஞ்ச்ஃபைண்டர் தனித் துளை வழியே பார்த்துத் தூரம் அளக்கும் கமரா, டிஎஸ்எல்ஆர் உள்ளே கண்ணாடி வைத்து லென்ஸ் வழியே பார்க்கும் டிஜிட்டல் கமரா. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. 'ஷார்ப்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் நாலைந்து விஷயம் கிடக்கிறது. அவர் எதைக் கேட்கிறார் என்று தெரியாமல் எந்தக் கமராவுக்காகப் பேசுவது?

ஆங்கிலத்தில் ஷார்ப் கத்தியின் விளிம்புக்கும் முனைக்கும் சொல்லப்பட்ட பழைய சொல். ஜெர்மன் மொழியின் 'ஷார்ஃப்' அதற்குச் சொந்தம். ஆயுதத்திலிருந்து புத்திக்குப் போனது, நேரத்துக்குப் போனது ("ஷார்ப்பா ஒன்பது மணிக்கு வந்திரு" என்று நாமும் சொல்கிறோம்), கடைசியில் படத்துக்கும் வந்தது. தமிழில் 'கூர்' நடந்த வழியும் கிட்டத்தட்ட இதுதான்: கூர்வாள், கூர்மதி, கூர்ந்து பார்த்தல். ஆனால் கூருக்கு இன்னொரு பொருளும் உண்டு, மிகுதல். அன்புகூர்ந்து என்று கடிதத்தில் எழுதுகிறோமே, அந்தக் கூர். தொல்காப்பியத்தின் உரியியல் இதை "கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்" என்று சொல்கிறது. அதாவது கூர்ப்பு என்றால் இல்லாத ஒன்று புதிதாக வருவதல்ல, ஏற்கெனவே உள்ளது மிகுந்து தெரிவது.

இந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்குப் படக்கலையின் ஒரு குழப்பமே தீர்ந்துபோனது. 1950களில் கோடாக் ஆய்வாளர்கள் 'அக்யூட்டன்ஸ்' என்று ஒரு சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பில் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுவது எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதற்கான அளவு அது. நுணுக்கம் கூடாமலே இது கூடலாம். கணினியில் 'ஷார்ப்பன்' அழுத்தும்போது நடப்பது இதுவே. படத்தில் புதிதாக ஒரு மயிர்கூட முளைப்பதில்லை, உள்ள விளிம்புதான் மிகைப்படுகிறது. ஆகவே அக்யூட்டன்ஸுக்கு 'கூர்ப்பு' என்பதே பொருத்தமான சொல் என்பது என் முடிவு. ஷார்ப்பன் செய்வதற்குத் 'தீட்டல்' போதும். கத்தியையும் தீட்டுகிறோம், சித்திரத்தையும் தீட்டுகிறோம். அளவுக்கு மீறித் தீட்டினால் மணப்பெண்ணின் கொண்டையைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். இங்கே எத்தனையோ ஆல்பங்களில் அதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நெருங்கிக் கிடக்கும் இரண்டு நுண்கோடுகளை இரண்டாகவே காட்டும் வலிமை வேறு. அது பிரிதிறன்.

ஷார்ப்புக்குத் துல்லியம் என்று சிலர் எழுதுகிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அது 'துல்ய' என்ற வடசொல்லின் வழி வந்தது, மூலத்துக்கு ஒத்திருத்தல் என்ற பொருளை உடையது. நிறம் துல்லியமாக இருந்தும் படம் மழுங்கலாக இருக்கலாம். தெளிவும் வேறுதான். மாரி மழையில் எங்கள் வாவித் தண்ணீர் கலங்கும், மறுகா மண்டி அடங்கித் தெளியும். வெயில் நேராகப் பட்டுப் படத்தில் வெண்புகை படராமல் காக்கும் வில்லையை (லென்ஸை) தெளிவானது என்று சொல்லலாம். எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பார்த்தால் குழப்பம் வராது: கூர்மைக்கு மழுங்கல், தெளிவுக்குக் கலங்கல்.

சரி, இனிக் கமராக்களின் பெயர். 'ரேஞ்ச்' பீரங்கிக்காரர்களின் சொல். குண்டு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று பார்க்கப் படைகளில் இத்தகைய கருவிகளை வைத்திருந்தார்கள். அதனால் சொல்லுக்குச் சொல் 'வீச்சுமானி' என்று வைக்கத் தோன்றும். ஆனால் கமரா அளப்பது தூரத்தை, ஆகவே 'தூரமானிக் கமரா'. வெப்பமானி, அழுத்தமானி என்று பள்ளியில் படித்தவர்களுக்குச் சொன்னதும் விளங்கும். டிஎஸ்எல்ஆரின் 'ரிஃப்ளெக்ஸ்' உள்ளே இருக்கும் கண்ணாடியைக் குறிக்கிறது. நம் விஞ்ஞானப் பாடத்தில் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்புவது தெறிப்பு, எனவே 'தெறிப்புக் கமரா'. 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்று உழைத்தவர் காரைதீவில் பிறந்து கல்லடியில் துயிலும் விபுலாநந்த அடிகள். அந்த மண்ணில் நின்று இப்படிச் சொல் தேடுவது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வரலாம். தூரமானிக் கமராவில் கண்ணாடி இல்லை, வில்லை படத்தளத்துக்கு, அதாவது ஃபிலிமோ உணரியோ (சென்சர்) இருக்கும் இடத்துக்கு, பக்கத்திலேயே உட்காரும். லைக்கா எம் வகையில் வில்லை பூட்டும் வளையத்துக்கும் படத்தளத்துக்கும் இடைவெளி 27.8 மில்லிமீற்றர். தெறிப்புக் கமராக்களான நிக்கோன் எஃப் வகையில் 46.5, கெனன் ஈஎஃப் வகையில் 44. அகலக்கோண வில்லைக்கு இந்த வித்தியாசம் பெரிது. தெறிப்புக் கமராவில் படம் எடுக்கையில் கண்ணாடி மேலே எழ இடம் விட்டு, பின்னால் தள்ளிக் குவியும்படி வில்லையைச் சுற்றிவளைத்து வடிவமைக்க வேண்டும். தூரமானியில் எளிய, சமச்சீரான அமைப்பே போதும். ஃபிலிம் காலத்தில் மூலைவரை கூர்மை வந்ததற்கு இது ஒரு பெரிய காரணம். டிஜிட்டலில் அந்த நெருக்கமே தொல்லையாகவும் மாறியது. மூலையில் ஒளி மிகச் சாய்ந்து விழுவதை உணரிகள் விரும்புவதில்லை. வில்லையின் குவியத்தூரம் 50 மில்லிமீற்றருக்கு மேலே போனால் இந்த வாதத்துக்குப் பெரிதாக வேலை இல்லை.

அடுத்தது குவியம் (ஃபோகஸ்). தூரமானியின் பார்வைத் துளை நடுவில் ஒரு சிறு கட்டம் இருக்கும், அதற்குள் தோணியின் முனை இரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பொருந்தும். அகலக்கோணத்தில் இந்த முறை மிக நம்பகமானது. 135 மில்லிமீற்றரில் திணறும், அங்கே தெறிப்புக் கமராதான் கைகொடுக்கும்.

அன்று பாலத்தடியில் இரண்டு கமராவையும் முக்காலியில் ஏற்றி, 50 மில்லிமீற்றர் வில்லையில், தோணியில் காய்ந்த வீச்சுவலையை எடுத்தோம். தெறிப்புக் கமராவில் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி நிறுத்தியிருந்தோம். பெரிதாக்கிப் பார்த்தால் வலையின் முடிச்சுகளை இரண்டிலும் எண்ணலாம். அப்புறம் கையில் பிடித்து, விநாடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தோம். தெறிப்புக் கமராவில் ஒவ்வொரு முடிச்சுக்கும் மெல்லிய நிழல் ஒன்று ஒட்டியிருந்தது. என் கையின் நடுக்கமும் கண்ணாடி மேலே அடித்த அதிர்வும் சேர்ந்த வேலை அது. வில்லையில் பிழை இல்லை.

இன்னொன்றும் உண்டு. பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் உணரியின் முன்னால், பொய்யான அலைவரி விழாமலிருக்கப் படத்தை மெல்ல மழுக்கும் வடிகட்டி ஒன்று இருந்தது. லைக்காவின் டிஜிட்டல் எம் கமராக்களில் அது இல்லை. 2012 இல் வந்த நிக்கோன் டி800ஈ அதன் வேலையை இல்லாமலாக்கியது. வடிகட்டி இல்லாத கமராவால் மருதமுனைக் கைத்தறிச் சேலையை எடுத்தால் நூலிழை எண்ணலாம்போல் வரும், சிலவேளை நெசவில் இல்லாத அலைவரியும் வந்து விழும்.

"அப்ப நான் எதை வாங்க?" என்றார் தம்பி. "மண்டபத்துக்குள்ள, தூரத்தில் நிண்டு தாலி கட்டுறத எடுக்கிறவருக்குத் தெறிப்புக் கமரா" என்றேன். அவர் 'தெறிப்பு' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.